பெயர் வைக்காத விண்டோ

பிப்ரவரி 24

வாலுவுக்கு,

எழுதுவது உன் அண்ணன், சொல்வது நான். வலது கையில் பேனாவைப் பிடித்தால் மூன்றாவது வரியிலேயே மணிக்கட்டு சுண்டி இழுக்கிறது. அதனால்தான் இந்த ஏற்பாடு. நான் சொல்வதை மட்டும் எழுத வேண்டும், சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது என்று அவரிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன்.

சமாதானம் பேச எழுதவில்லை. எனக்கு ஒரு தகவல் வேண்டும். என் லேப்டாப்பில் நீ ஏற்றிவிட்டுப் போன அந்த டைலிங் சமாச்சாரத்தைக் கழற்றிவிட்டு, என் பழைய திரையைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி? ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுது. உன் அண்ணன் செய்வார்.

நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். பத்து நாள் லீவில் வந்தாய். என் கையைப் பார்த்துவிட்டு, "மவுஸ்தான் அண்ணி உங்களுக்கு எதிரி" என்றாய். டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். நான் பதிப்பகத்துக்குப் போயிருந்த ஒரு காலையில், ஒரு வார்த்தை கேட்காமல், திறந்திருந்தது எதையும் மூடாமல், பல வருடமாக நான் பழகிய திரையை எடுத்துவிட்டு உன்னுடையதைப் போட்டு வைத்தாய். ஒரு விண்டோ இன்னொன்றை மறைக்காதாம். தரையில் ஓடு பதித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்குமாம். மவுஸே வேண்டாம், எல்லாம் கீபோர்டிலேயே நடக்குமாம். "ரெண்டே நாள்ல பழகிடும்" என்றாய். இரண்டாம் நாள் மதியம் ஏதோ ஒரு கீயை அழுத்தினேன், என் சந்தேகப் பட்டியல் போய்விட்டது.

சந்தேகப் பட்டியல் என்றால் என்ன என்று அன்றைக்குக் கேட்டாய். பதில் சொல்கிற நிலையில் நான் இல்லை. இப்போது சொல்கிறேன். நான் செய்துகொண்டிருப்பது மருந்துச் செடிகளைப் பற்றிய அறுநூற்று எண்பது பக்கப் புத்தகத்துக்குச் சொல்லடைவு. எந்தச் செடி எந்தப் பக்கத்தில் என்று கடைசியில் அகரவரிசையில் வருமே, அது. இந்தப் புத்தகத்தில் ஒரே செடிக்கு நாலு பெயர், ஒரே பெயரில் இரண்டு செடி. ஒன்று காய்ச்சலுக்கு மருந்தாக இருக்கும், அதே பெயர்க்காரி இன்னொருத்தி விஷமாக இருப்பாள். நாலு மாதமாக வாரம் இரண்டு தடவை ஆசிரியருக்குப் போன் போட்டுக் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல ஒரு விண்டோவில் அடித்து வைத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு சந்தேகம், அத்தனைக்கும் பதில். அவர் இப்போது செடி தேடிக் காட்டுக்குள் போய்விட்டார். மே மாதம் வரை போன் கிடைக்காது.

பதிப்பாளர் ஏப்ரல் பத்து வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் கொடுக்காவிட்டால் சொல்லடைவு இல்லாமலே புத்தகம் அச்சுக்குப் போகும். அடுத்த புத்தகத்திலிருந்து ஏதோ ஒரு சாஃப்ட்வேரே சொற்களைப் பொறுக்கிப் போட்டுவிடுமாம். என் இருபது வருட வேலைக்கு அத்தோடு மங்களம். ஏன் சேவ் செய்யவில்லை என்று மட்டும் கேட்காதே.

லேப்டாப்பை அன்றைக்கு உன் கண்ணெதிரே மூடினேனே, அதன் பிறகு திறக்கவே இல்லை. அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் கிடக்கிறது. போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடுவேன்.

அண்ணி

பி.கு. இது என் சொந்தச் சரக்கு. அவள் துணி காயப்போட மாடிக்குப் போயிருக்கிறாள். இரண்டு பேரும் சீக்கிரம் பேசித் தொலையுங்கள். இந்த வீட்டில் இருமுவதற்குக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது. அண்ணன்.


மார்ச் 2

அண்ணி,

கேட்ட தகவல் தனித்தாளில் இருக்கிறது. ஏழு வரி. அண்ணனே செய்துவிடலாம், கடைக்கெல்லாம் போக வேண்டாம். ஆனால் அந்தத் தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிடுங்கள்.

கேட்காமல் செய்தது என் தப்பு. அதில் சால்ஜாப்பு எதுவும் கிடையாது. "வலிதான் வேணும்னா வச்சுக்கங்க" என்று சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அதைச் சொன்ன வாயை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன்.

ஆனால் நீங்கள் சொன்னதும் எனக்கு வலித்தது. "உன் கைவரிசையை எல்லாம் உன் ஆபீஸ்ல காட்டு, என் வீட்டுல வேணாம்" என்றீர்கள். என் வீட்டுல. அந்த வீட்டுக் குளியலறைக் கதவை எப்படித் தூக்கிப் பிடித்துச் சாத்த வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அதனால்தான் மறுநாள் விடிந்ததும் சாவியைச் செருப்பு ஸ்டாண்ட் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன். கோபத்தில் இல்லை அண்ணி, அழுகையில்தான். இங்கே என் அறை ஒரு சலவைக் கடைக்கு மேலே இருக்கிறது. நாள் முழுக்கத் தரை வழியாக இஸ்திரிச் சூடு ஏறுகிறது. வந்து இரண்டு நாள் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். ஆபீஸில் சர்வர் ஏதாவது படுத்துவிட்டால், எதையும் தொடுவதற்கு முன்னால் "கண்ணால என்ன பார்த்தீங்க?" என்றுதான் நாங்கள் முதலில் கேட்போம். அன்றைக்கு உங்களிடம் அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் கை நீட்டினேன், "தொடாத" என்றீர்கள், டப்பென்று மூடினீர்கள். போச்சு என்று நீங்களும் முடிவு கட்டினீர்கள், நானும் கட்டிவிட்டேன்.

மூன்று கேள்வி கேட்கிறேன். எந்தக் கீயை அழுத்தினீர்கள்? அழுத்திய கீயைச் சரியாகச் சொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை, எதை அழுத்த நினைத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். இரண்டாவது, "சேவ் செய்யவா?" என்று ஒரு சின்னப் பெட்டி வந்ததா? மூன்றாவது, லேப்டாப்பை மூடினீர்களா, அணைத்தீர்களா?

இரண்டாவது கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லுங்கள். நீங்கள் டைப் அடித்துக்கொண்டிருந்த எடிட்டர் சாஃப்ட்வேர் என்னை மாதிரி இல்லை. கேட்காமல் எதையும் செய்யாது.

வாலு


மார்ச் 7

வாலு,

இது என் இடது கை. கோணலாக இருந்தால் இருக்கட்டும். நாலு வரி எழுதுவதற்குள் டீ ஆறிப்போகிறது. இதையும் உன் அண்ணனிடம் சொல்லி எழுத வைத்திருக்கலாம், ஆனால் சில விஷயத்தை அவர் காதில் போட எனக்கு இஷ்டமில்லை. அந்தப் பி.கு.வை எப்படியோ கண்டுபிடித்துவிட்டேன் என்பதும் ஒரு காரணம். நகலுக்காகக் கார்பன் தாள் வைத்து எழுதுகிற மனிதர் அவர்.

முதல் கேள்விக்குப் பதில். பட்டியல் நீளமாகிவிட்டது, முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கலாமே என்று எழுத்தைச் சின்னதாக்கப் போனேன். கண்ட்ரோலும் மைனஸும். பல வருடப் பழக்கம். அழுத்தியதும் அந்த விண்டோவே காணோம். பக்கத்தில் இருந்த இரண்டும் காலியான இடத்தை உடனே பங்கு போட்டுக்கொண்டன.

இரண்டாவது: இல்லை. எந்தப் பெட்டியும் வரவில்லை, எதுவும் கேட்கவில்லை. நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்தக் கோபத்தைத்தான் உன் மேல் காட்டினேன்.

மூன்றாவது: மூடினேன். அணைக்கவில்லை. நான் அதை அணைத்ததே கிடையாது.

ஏன் சேவ் செய்யவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காததால் சொல்கிறேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பெல்லாம் அட்டையில் எழுதிச் செருப்புப் பெட்டியில் போடுவேன். பெட்டியை மூடினால் அட்டை எங்கே போகும்? சொல்லடைவை ஒழுங்காகச் சேவ் செய்வேன். சந்தேக அட்டை மட்டும் வேலை முடிந்ததும் கிழித்துப் போடுவது. கிழிக்கப்போவதற்கு எதற்குப் பெயர் என்று விட்டுவிட்டேன். அந்த விண்டோவின் தலையில் "பெயரில்லை" என்று நாலு மாதமாக எழுதியிருந்தது. தினமும் பார்த்தேன்.

என் வீடு என்று சொன்னதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை. கை வலிக்கிறது. மனசும்தான்.

அண்ணி


மார்ச் 11

அண்ணி, லேப்டாப்பைத் தொடாதீர்கள். இதைக் கடைசி வரி வரை படிக்காமல் சார்ஜரைக்கூடச் செருகாதீர்கள். அந்த ஏழு வரித் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அண்ணன் ஆர்வக்கோளாறில் ஏதாவது செய்து வைத்திருந்தால் நான் தொலைந்தேன்.

எடிட்டர் கேட்கவில்லை என்றால், அது மூடப்படவில்லை. மறைந்திருக்கிறது.

கண்ட்ரோலுக்குப் பக்கத்துக் கீயும் மைனஸும் சேர்ந்தால், இருக்கிற விண்டோ திரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் என்று அமைத்திருந்தேன். உங்கள் விரல் ஒரு கீ தள்ளி விழுந்திருக்கிறது. அந்த வசதி உங்களுக்காகச் செய்தது இல்லை. ஆபீஸில் நான் கதை படித்துக்கொண்டிருக்கும்போது மேலாளர் பின்னால் வந்து நின்றால் மறைப்பதற்காக எனக்கு நானே செய்துகொண்டது. எந்தக் கீ எதைச் செய்யும் என்று எழுதி வைக்கிற என் கான்ஃபிக் ஃபைலிலிருந்து பத்து வரியை அப்படியே தூக்கி உங்களுடையதில் போட்டுவிட்டேன். அந்தப் பத்தில் இதுவும் இருந்திருக்கிறது. எழுத்தைச் சின்னதாக்க நீங்கள் மைனஸைத் தேடுவீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பக் கொண்டுவர, அதே பக்கத்துக் கீயும் பிளஸும். அன்றைக்கு ஒரே ஒரு நிமிடம் என்னைத் தொட விட்டிருந்தால் முடிந்திருக்கும். நானும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கணக்கு சரியாகிவிட்டது.

இனிதான் பயம். ஒரு மாதமாகச் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. மூடி வைத்த லேப்டாப் சும்மா தூங்கும், அவ்வளவுதான். பேட்டரி தீர்ந்தால் நினைவில் இருப்பதெல்லாம் போய்விடும். ஆனால் வந்த முதல் நாளே நான் இன்னொரு வேலையும் செய்து வைத்தேன். பேட்டரி தீரப்போகிற கட்டத்தில், திறந்திருப்பதை எல்லாம் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அணைந்துகொள் என்று. அதையும் உங்களைக் கேட்காமல்தான் செய்தேன். அமைத்தேனே தவிர, சோதித்துப் பார்க்கவில்லை. எழுதியும் இருக்கலாம், எழுதாமலும் போயிருக்கலாம். பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. பாதிக்குப் பாதி.

செய்ய வேண்டியது: சார்ஜரைச் செருகி ஒரு மணி நேரம் விடுங்கள். பவர் பட்டனை ஒரு தடவை மட்டும், லேசாக. ஒரு பட்டியல் வரும், தொடாதீர்கள், அதுவே மேலே போகும். பிறகு திரை கறுப்பாக நிற்கும். எத்தனை நிமிடம் நின்றாலும் பொறுங்கள். பயந்துபோய்ப் பட்டனை அழுத்திப் பிடித்தீர்களோ, அதோடு கதை முடிந்தது. பாஸ்வேர்டு கேட்டால் கொடுங்கள். பிறகு பக்கத்துக் கீயும் பிளஸும்.

வாலு


மார்ச் 20

வாலு,

இன்னும் திறக்கவில்லை.

உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. லேப்டாப்பை அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். சார்ஜரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். பிறகு போய் ஜன்னலில் நின்றேன். எதிரே டிப்போவில் பஸ்ஸெல்லாம் பின்பக்கமாக வந்து சுவருக்கு ஒரு சாண் முன்னால் நிற்குமே, அதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்காதவரை அது உள்ளே இருக்கிறது. திறந்து இல்லை என்றால், ஏப்ரல் பத்தாம் தேதி பதிப்பாளர் முன்னால் என்ன முகத்தோடு போய் நிற்பேன்? விஷத்தையும் மருந்தையும் ஒரே வரியில் போட்டுக் கொடுக்க என்னால் முடியாது. அதற்குச் சொல்லடைவே வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்வேன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

உன் அண்ணன் தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் மேஜையை ஒரு பார்வை பார்க்கிறார். ஒன்றும் கேட்பதில்லை. நேற்று மட்டும், "தொறக்காத கடிதத்துக்கு யாரும் பதில் போட முடியாது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீ திரையை மாற்றிய அன்றைக்குக் காலையில் பதிப்பகத்தில் பேனாவைக் கீழே போட்டேன். பிடிக்க முடியவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். ஒருவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து என் இடத்தில் என் சாமானோடு உட்காரலாம் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். வந்து பார்த்தால் அந்த இடமும் என்னுடையதாக இல்லை. "என் வீடு" என்று நான் சொன்னது சுவரையோ கதவையோ இல்லை, வாலு. அந்தத் திரையைத்தான். ஆனால் உன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு மாதம் சும்மா இருந்தேன். அதற்கு மன்னித்துவிடு.

அண்ணி


மார்ச் 24

அண்ணி,

உங்கள் கடிதத்தைச் சலவைக் கடை வாசலிலேயே நின்று படித்தேன். கடைக்காரர் "துணியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

பேனா விழுந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். எனக்கு ஒருத்தர் மேல் அக்கறை வந்தால் அதை எப்படிக் காட்டுவது என்று தெரியாது. ஒழுங்காக ஒரு ரசம்கூட வைக்க வராது. கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுப்பதுதான் நான் செய்யத் தெரிந்த சமையல்.

திறங்கள் அண்ணி. இல்லாமல் போனாலும் ஒரு வழி இருக்கிறது. அந்தக் காட்டுக்கே நான் போகிறேன். ஆசிரியரை எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து, மரத்தடியில் உட்கார வைத்து, அறுநூற்று எண்பது பக்கத்தையும் முன்னால் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன். அட்டைப் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்பவள் சொல்கிறேன். லீவு லெட்டர் எழுதி மேஜையில் வைத்துவிட்டேன், தேதி மட்டும் போடவில்லை.

வாலு


மார்ச் 28

வாலு,

இது டைப் அடித்த கடிதம் என்பதைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். மெயிலிலேயே அனுப்புகிறேன், தபால்காரருக்கு இனி வேலை இல்லை.

இன்று காலை சார்ஜரைச் செருகினேன். உன் அண்ணன் ஆபீஸுக்குப் போகவில்லை. கேட்டால் தலைவலி என்றார். ஒரு மணி நேரம் கழித்துப் பட்டனை ஒரு தடவை, லேசாக. பட்டியல் வந்தது, போனது. கறுப்பு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நீ ஏன் நிமிடக் கணக்கை எழுதவில்லை? நாலாவது நிமிடம் என் கை தானாகப் பட்டனுக்குப் போனது. உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிற கையை, வலிக்காமல். "அவதான் பொறுக்கச் சொல்லியிருக்கால்ல" என்றார். அந்த மனிதர் உன் கடிதங்களை எல்லாம் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஆறாவது நிமிடம் பாஸ்வேர்டு கேட்டது.

திரை அப்படியே வந்தது. மேலே புத்தகப் பக்கம், கீழே சொல்லடைவு, இரண்டும் திரையைப் பங்கு போட்டுக்கொண்டு. கடிகாரம் மட்டும் ஒரு நொடி பிப்ரவரியைக் காட்டிவிட்டு இன்றைக்கு மாறியது. எனக்கு பிளஸ் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோனது. உன் அண்ணன் காட்டினார். அழுத்தினேன்.

நடுவில் வந்து நின்றது, வாலு. இருநூற்றுப் பன்னிரண்டும். கடைசி வரியில் "இலையின் ஓரம் ரம்பம்போல் இருந்தால் வி" என்று நின்றிருந்தது. "விஷம்" என்று அடிக்க வந்தவள் அப்படியே எழுத்தைச் சின்னதாக்கப் போயிருக்கிறேன். அழுதேன். உன் அண்ணன் தலைவலி சரியாகிவிட்டது என்று சொல்லிக் கடைக்கு இனிப்பு வாங்கப் போனார்.

முதல் வேலையாகச் சேவ் செய்தேன். பெயர் கேட்டது. "வாலு" என்று கொடுத்தேன். வேறு எதுவும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

அண்ணி


மார்ச் 29

அண்ணி,

ஆபீஸில் படித்தேன். மேலாளர் பின்னால் வந்து நின்றார். இந்தத் தடவை நான் மறைக்கவில்லை. "வீட்டுல நல்ல சேதியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். லீவு லெட்டரைக் கிழித்துப் போட்டேன். அட்டைப் பூச்சிகள் பிழைத்தன.

இப்போது கேட்கிறேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. உங்களுக்கு எது வேண்டும்? பழைய திரை வேண்டுமென்றால் அந்த ஏழு வரியை மறுபடி அனுப்புகிறேன், ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டேன். மவுஸ் மட்டும் உங்கள் கையோடு கூடவே வரும்.

இதிலேயே இருப்பதென்றால் இரண்டு வகை இருக்கிறது. நான் உங்களுக்குப் போட்டது, சொன்ன இடத்தில் சொன்னபடி வைக்கும். எங்கே பிரிக்க வேண்டும், குறுக்காகவா நெடுக்காகவா என்று ஒவ்வொரு தடவையும் நாம்தான் சொல்ல வேண்டும். இன்னொரு வகை, தானே பங்கு பிரித்துவிடும். ஒன்றுக்குப் பெரிய இடம், மற்றதெல்லாம் ஓரத்தில் வரிசையாக. புதிதாக ஒன்று வந்தால் மற்றவை தானாக நகர்ந்து கொடுக்கும். அந்த வகைக்காரர்களோடு நான் எட்டு வருடமாக வாதம் செய்துகொண்டிருக்கிறேன். அது மூத்த மாப்பிள்ளை வந்த வீடு மாதிரி, ஒருத்தருக்கு மட்டும் பெரிய இலை போடும். ஆனாலும் நேர்மையாக இரண்டையும் சொல்லிவிட்டேன்.

வாலு


ஏப்ரல் 2

வாலு,

மாப்பிள்ளை வகையே எனக்குப் போதும். கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் பெரிய இடம் எப்போதும் புத்தகப் பக்கத்துக்குத்தான். சொல்லடைவும் சந்தேகமும் ஓரத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றால் போதும். குறுக்கா நெடுக்கா என்று தினமும் பஞ்சாயத்து செய்ய எனக்கு ஏது நேரம்? பதிப்பாளருக்குக் கொடுத்த கெடுவுக்கு இன்னும் எட்டு நாள்தான். வேலை முடிகிறவரை எதையும் மாற்றாதே. முடிந்ததும் மாற்றலாம்.

நேற்று உன் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து முழுக்கப் படித்தேன். எந்தக் கீ எதைச் செய்யும் என்று தெரிந்துகொண்டு தொடலாமே என்றுதான். நடுநடுவே, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகிற வரிகளில், நீ உனக்கே குறிப்பு எழுதி வைத்திருக்கிறாய். "அண்ணி வலது கையால் பக்கத்தைப் பிடித்திருப்பார், எல்லாக் கீயும் இடது பக்கமே இருக்கட்டும்." "பக்கம் புரட்டியதும் அண்ணாந்து பார்ப்பார், புத்தகம் மேலே." "கட்டை விரலை நீட்டினால் முகம் சுளிக்கிறார், இந்தக் கீ வேண்டாம்." இப்படிப் பதினொன்று இருக்கிறது, எண்ணிவிட்டேன். நான் எப்படி வேலை செய்கிறேன் என்று உனக்கு என்ன தெரியும் என்று அன்றைக்குக் கத்தினேன். நீ பார்த்திருக்கிறாய். ஏழு நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். கேட்கத்தான் இல்லை.

கடைசிப் பத்து வரிக்கு மட்டும் ஒரு குறிப்பும் இல்லை. மைனஸ் அதில்தான் இருக்கிறது. இந்தமாதிரி இடத்தில்தான் தப்பு ஒளிந்திருக்கும் என்று இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

அந்த மறைக்கிற வசதியை எடுத்துவிடாதே. அது எனக்கு உபயோகப்படும். ஆனால் மைனஸில் வேண்டாம், வேண்டுமென்று தேடிப் போனால் மட்டும் கிடைக்கிற இடத்தில் வை. உள்ளே ஏதாவது ஒளிந்திருந்தால் திரையின் மேல்பட்டையில் ஒரு எண் தெரிய வேண்டும். ஒன்று என்றால் ஒன்று, இரண்டு என்றால் இரண்டு. இனிமேல் எனக்குத் தெரியாமல் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

அண்ணி


ஏப்ரல் 10

அண்ணி,

அண்ணன் போன் செய்தார். நேற்றே கொடுத்துவிட்டீர்களாம், ஒரு நாள் முன்னாலேயே. பதிப்பாளர் நின்றபடியே பத்துப் பக்கம் புரட்டிவிட்டு, அடுத்த புத்தகத்தின் தாள்கட்டையும் கையிலேயே கொடுத்து அனுப்பினாராம். சாஃப்ட்வேர் பேச்சே எழவில்லையாம். இதை எல்லாம் நீங்கள் எனக்கு எழுதியிருக்க வேண்டும். ஒன்றரை மாதம் கோபித்துக்கொண்டு எழுதியவர், சந்தோஷத்துக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?

நீங்கள் கேட்டபடி புது ஃபைல் தயார். மாப்பிள்ளை வகைதான். பட்டையில் எண் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் குறிப்பு போட்டிருக்கிறேன், அந்தப் பத்து வரிக்கும். ஒரு விஷயம் சொன்னால் சிரிக்கக் கூடாது. சோதித்துப் பார்க்க என் கம்ப்யூட்டரிலும் போட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. எட்டு வருட வாதத்தை யாரிடமும் சொல்லாமல் முடித்துக்கொண்டேன்.

இதை மெயிலில் அனுப்பினால் நீங்களே போட்டுக்கொள்ளலாம். அவ்வளவு சுலபம்தான். ஆனால் நேரில் வந்து, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கீயையும் கேட்டுக் கேட்டு வைக்கலாம் என்று ஓர் ஆசை. வருகிற வாரம் நாலு நாள் லீவு கிடைக்கும். கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்று முடிவெடுத்திருப்பதால் கேட்கிறேன். வரலாமா?

வாலு


ஏப்ரல் 12

வாலு,

மறுபடியும் தாளில் எழுதுகிறேன், காரணம் கடைசியில் இருக்கிறது. கையெழுத்தைப் பார்த்தாயா? வலது கை. பாதிப் பக்கம் வரை தாங்குகிறது என்று போன வாரம்தான் கண்டுபிடித்தேன். கைக்கு ஆபரேஷன் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த டாக்டர், அதை ஆறு மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார். "மவுஸை என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். உன் அண்ணன் முந்திக்கொண்டு, "என் தங்கச்சி புடுங்கிட்டா" என்றார்.

காலையிலிருந்து இங்கே ஒரே சத்தம். உன் அண்ணன் என் மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்துகிறார், புத்தக அலமாரியைச் சுவரோடு தள்ளுகிறார். உனக்கு ஒரு நாற்காலி போட வேண்டுமாம். ஒன்று புதிதாக வந்தால் இருப்பதெல்லாம் நகர்ந்து இடம் விட வேண்டும் என்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவரே கற்றுக்கொண்டார். துணி அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறேன். லேப்டாப் கிடந்த தட்டு.

என் திரையைத் தொடுவதற்கு என்னைக் கேள். அதற்குக் கேட்டே ஆக வேண்டும். உன் வீட்டுக்கு வருவதற்கு என்னை எதற்குக் கேட்கிறாய்?

உறையைக் கொட்டிப் பார். செருப்பு ஸ்டாண்ட் மேல் நீ விட்டுப் போன சாவி உள்ளே இருக்கிறது. நாங்கள் வெளியே போயிருந்தால் நீயே திறந்து உள்ளே வா. குளியலறைக் கதவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும்.

அண்ணி